அண்ணன் வைத்த ஓப்பன் ஹவுஸ்

என் அண்ணன் மலேசியாவை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு டிவி நிகழ்ச்சி என்று சொன்னால் அண்ணி இன்றைக்கும் சிரிப்பார். சிரித்தாலும் அதுதான் உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூவரும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். டிவியில் யூதக் குடும்பங்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும், ஏன், இந்தியாவிலிருந்தும்கூடப் பெட்டி படுக்கையோடு முன்னோர் மண்ணுக்குக் குடியேறிய குடும்பங்கள். ஒரு கிழவர் விமானத்திலிருந்து இறங்கியதும் குனிந்து தரையை முத்தமிட்டார். ஒரு பெண் புது ஊர்க் கடையில் பெயர் தெரியாமல் ரொட்டியை விரலால் காட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அண்ணன் மட்டும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரம் வருஷம் கழிச்சி அவங்க போறாங்க. நமக்கு நூறு வருஷந்தானே ஆச்சி," என்றார்.

அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படத்தில் காட்டுவார்களா என்று நான் கேட்டேன். தங்கச்சி எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் என்னை முறைத்துவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் விதை விழுந்துவிட்டது.

எங்கள் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கேரி தீவுத் தோட்டத்துக்கு ரப்பர்ப் பால் மரம் சீவ வந்தவர். எந்தக் கிராமம் என்று யாரும் சரியாகச் சொல்லி வைக்கவில்லை. அப்பா தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்தார். அண்ணன் ரயில்வேயில் சேர்ந்து, காலம் முழுக்கக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ரயிலிலேயே போய்வந்து ஓய்வு பெற்றார். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை, பூக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் வாடகை அறை. வாரக் கடைசியில் அண்ணன் வீடுதான் எனக்கு வீடு. அண்ணனின் ஒரே மகன் பெர்த்தில் குடியேறிவிட்டான். அங்கே வந்து இருங்கள் என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் அண்ணன் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார். எல்லாரும் முன்னால் போகிறார்கள், நான் பின்னால் போகிறேன், இரண்டு பக்கமும் ஆள் வேண்டாமா என்பார்.

அந்தக் கிள்ளான் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரணத் தாமான் வரிசை வீடுதான். முன்னால் ஒரு கார் நிற்கும் இடம், பின்னால் துணி காயப்போடும் இடம், மாடியில் மூன்று அறைகள். ஆனால் தீபாவளி அன்று அது எப்படித்தான் அவ்வளவு பேரைக் கொள்ளும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பத்திரிகையில் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று அழகாக எழுதுவார்கள். நாங்கள் ஓப்பன் ஹவுஸ் என்போம். காலை பதினொரு மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்தால் ராத்திரிதான் சாத்துவோம். யாரையும் பத்திரிகை வைத்து அழைப்பதில்லை. வருவார்கள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா முதல் ஆளாக வந்து, சாப்பிட அல்ல, அண்ணிக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க உட்காருவார். அவருக்காகவே அண்ணன் கோழியை ஹலால் கடையில் வாங்கி, சட்டி கரண்டி எல்லாம் தனியாக எடுத்து வைத்திருப்பார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் ஊதா நிறச் சட்டையில் வந்து ஆட்டுக்கறிப் பெரட்டலை மூன்று தரம் போட்டுக்கொள்வார். அண்ணனோடு ரயில்வேயில் இருந்தவர்கள் காஜாங்கிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வரிசையில் நின்று அங்பாவ் காசு உறையை வாங்கிக்கொண்டு ஓடும். அண்ணன் வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து விடுவார். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போது அந்தச் சத்தத்தை நினைத்தால், தட்டு, கரண்டி, நான்கு மொழிப் பேச்சு, மேலே கிடந்து சுற்றும் காற்றாடி, எல்லாம் காதுக்குள் அப்படியே கேட்கிறது. எப்பேர்ப்பட்ட சத்தம் அது! அதற்குள் இருந்தபோது எனக்குத் தலைவலிதான் வந்தது.

அண்ணன் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு எழுதிப் போட்டு, அது கையில் வந்ததும் கிளம்பிவிட்டார். திருச்சிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியாயிற்று. தாத்தாவின் கிராமம் தெரியாததால், அந்தப் பக்கத்தில் எங்கே இருந்தாலும் நம் ஊர்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். கிள்ளான் வீட்டை விற்க விடாமல் நான்தான் சண்டை போட்டேன். பிரிக்பீல்ட்ஸ் அறையைக் காலி செய்துவிட்டு அங்கே நானே குடிவந்தேன். வேலைக்கு ரயிலில் போய்வருவது இப்போது என் தலையெழுத்து ஆயிற்று. அண்ணி நாறும் இறால் விழுதான பிளாச்சானை ஏழு சுற்றுப் பிளாஸ்டிக்கில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். விமான நிலையத்தில் அவர் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் டிஷ்யூ நீட்டினார். அந்த ஊரில் எனக்கு ஒரு நாய்கூடத் தெரியாது என்று அண்ணி என் தோளில் சாய்ந்து சொன்னார்.

திருச்சியில் இறங்கியதும் அண்ணன் படத்தில் பார்த்தபடியே குனிந்து தரையைத் தொட்டிருக்கிறார். வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. கையைச் சுட்டுக்கொண்டு உதறியபோது, பஸ்ஸில் ஏறுங்க சார், வழியில நிக்காதீங்க என்று காவலுக்கு நின்றவர் சத்தம் போட்டாராம். இதை அண்ணி போனில் சொல்லி நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணன் பின்னால் இருந்துகொண்டு, என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு என்று கோபப்பட்டார்.

வாரா வாரம் பேசுவோம். எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்பார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, நன்றாக இருக்கிறேன். தெருவில் மலேசியாக்காரர் வீடு என்று அடையாளம் சொல்கிறார்கள், நன்றாக இருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்தால், உங்களுக்குப் பூர்வீகம் எது, யார் வகையறா என்று கேட்கிறார்கள்; தாத்தா பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை; இருந்தாலும் நன்றாக இருக்கிறேன். இந்த 'நன்றாக'வை எத்தனை வாரம்தான் நம்புவது? என் அண்ணன் எதற்கு ஏங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஓர் ஆள் அவரை நம்மாள் என்று சொல்ல வேண்டும். அது நடந்தால் இருப்பார், நடக்காவிட்டால் திரும்பிவிடுவார். நடக்கக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அண்ணன் வேண்டியிருந்தது.

அங்கே போன முதல் தீபாவளிக்கு அவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஓப்பன் ஹவுஸ்! மனிதர்கள் வந்து சாப்பிட்டுவிட்டால் அப்புறம் அந்நியம் ஏது என்பது அவர் கணக்கு. கிள்ளானில் அப்படித்தானே நடந்தது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, தீபாவளி அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் வாய் நிறைய, வந்துடறோம் சார் என்றார்களாம். அதை அவர் கிள்ளான் காதால் கேட்டுக்கொண்டார். வாசலில் பந்தல், வாடகை நாற்காலி, ஒரு தெருவுக்கே போதுமான பிரியாணி. தேங்காய்ப் பாலில் சுண்ட வைக்கும் மலாய்க் கறியான கோழி ரெண்டாங்குக்கு வேண்டிய லெங்குவாஸ் கிழங்கு அங்கே கிடைக்காததால் நான் இங்கிருந்து ஓர் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். கொடுத்தனுப்பும்போதே மனதுக்குள் ஒரு குறுகுறுப்பு. இத்தனை வருஷம் தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் யாரும் அங்கே ஓப்பன் ஹவுஸ் போனதாக எனக்குச் சொன்னதில்லை.

இங்கே அதே நாளில், அண்ணன் இல்லாத முதல் ஓப்பன் ஹவுஸை நான் நடத்திக்கொண்டிருந்தேன். கூட்டம் குறையவில்லை. எதிர்வீட்டு அக்கா வெங்காயம் உரித்தார், சீன அங்கிள் ஊதாச் சட்டையில் வந்தார், எல்லாரும் அண்ணனைக் கேட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் அடித்தது. அங்கே அப்போது ஒன்றரை மணி, சாப்பாட்டு நேரம். அண்ணன்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

கூட்டம் எப்படி என்று கேட்டேன். வருவார்கள் என்றார். காலையிலிருந்து யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டேன்.  மெதுவாகச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. பலகாரத் தட்டோடு சிலர் வாசல் கேட்டு வரைக்கும் வந்தார்களாம். உள்ளே வாங்க, சாப்பிடுங்க என்று இவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தும், தட்டைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்று சொல்லி அப்படியே திரும்பிவிட்டார்களாம். புதுச் சட்டையோடு, காலி நாற்காலிகளுக்கு நடுவில், பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டிருந்தார்.

 எனக்குப் பின்னால் வீடு முழுக்க இரைச்சல். அடுத்த அறைக்குப் போய்ப் பேசுகிறேன், இரு என்றேன்.

"வேணாம்லா. போன அங்கயே மேசை மேல வச்சிடு. நீ போய் வந்தவங்கள கவனி. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வைத்தேன். முறுக்கு டின்னுக்கும் சிரப் தண்ணீர் ஜாடிக்கும் நடுவில் அந்தப் போன் கிடந்தது. சீன அங்கிள் அதை எடுத்து மலாயில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். எதிர்வீட்டு அக்கா எடுத்து, உன் ரெண்டாங் மாதிரி உன் தங்கச்சிக்கு வரவில்லை என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தட்டுகள் வந்தன, போயின. யார் வீட்டுப் பிள்ளையோ சிரப்பைக் கொட்டியது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திரையைப் பார்த்தேன். அண்ணன் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். 

கடைசியில் நானே எடுத்தேன்.

"வந்துடுண்ணே. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

யோசிக்கிறேன் என்றார். அண்ணன் யோசிக்கிறேன் என்று சொன்னால் சரி என்று அர்த்தம். ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியும்.

மறுநாளே ஆள் கூப்பிட்டு மாடி அறைக்குச் சாயம் அடித்தேன். வெளிர்ப் பச்சை, அண்ணிக்குப் பிடித்தது. ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன். குளிரூட்டியைக் கழுவ வைத்தேன். வேலைக்குப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து, அவர்கள் வந்ததும் முதல் வாரம் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே போய் ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது அண்ணி கூப்பிட்டார். எப்போது டிக்கெட் என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்டேன். அண்ணி சிரித்தார்.

நடந்தது இதுதான். அண்ணன் அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணிக்கு வந்ததே கோபம். அத்தனை சோறும் கறியும் வீணாகப் போவதா என்று சமையல்கட்டில் போய் நின்றிருக்கிறார். அங்கே காலையிலிருந்து வந்த தட்டுகள் வரிசையாக இருந்திருக்கின்றன. பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவியவருக்கு, ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பிரியாணியைப் போட்டு, பக்கத்தில் ரெண்டாங்கை வைத்து, துணியால் மூடி, ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகப் போய், உள்ளே போகாமல், கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சைவ வீடுகளுக்கு மட்டும் அச்சு முறுக்கு. ஒரு மணி நேரத்தில் அந்தத் தட்டுகள் வேறு எதையோ ஏந்திக்கொண்டு திரும்பி வந்தன. வராத வீட்டிலிருந்தும் புதிதாகத் தட்டுகள் வந்தன. இருட்டுவதற்குள் அண்டா காலி.

அந்த ஊரில் தீபாவளி அன்று எல்லா வீட்டிலும் விருந்து வெந்துகொண்டிருக்கும். சொந்த வீட்டு உலையை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டில் போய் யாரும் உட்கார மாட்டார்கள். வந்துடறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. போகவர இருப்பதெல்லாம் தட்டுதான். இதை அடுத்த வீட்டுப் பெண்மணி அண்ணிக்கு விளக்கிவிட்டு, அந்தக் கறுப்புக் கறியை எப்படிச் செய்வது என்று கேட்டாராம்.

"மூணு வீட்டுல ரெண்டாங் சொல்லிக் குடுத்திட்டேன்," என்றார் அண்ணி. "அடுத்த மாசம் கோடி வீட்டுல வளைகாப்பு. நானும் வரிசத் தட்டு எடுக்கணுமாம். இப்ப எப்படி வர்றது?"

ஒரு நாய்கூடத் தெரியாது என்று அழுதவர்! அப்போ அண்ணன் என்று கேட்டேன். அவர் பந்தல்காரரோடு டீக்கடையில் இருக்கிறார் என்றார். நல்லது அண்ணி, ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சந்தோஷமாவது! வயிறு எரிந்தது. இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்க எழுந்து கை கழுவினேன். கடைக்காரர், என்னக்கா, சாப்பாடு சரியில்லையா என்று கேட்டார். அவர்மேலும் ஒரு கோபம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிகள் போயின. போன வருஷத் தீபாவளிக்கு, வருகிறோம் என்று அண்ணனே போனில் சொன்னபோது நான் குதித்தேன். இரண்டு வாரம் இருப்பதாகச் சொல்லி வந்தார்கள். அண்ணன் கறுத்து, இளைத்து, நன்றாக இருந்தார். முதல் இரண்டு நாள் பழைய இடங்களையெல்லாம் சுற்றினார். பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அடையாளமே தெரியவில்லை என்றார். மூன்றாவது நாள், அங்கே முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லிவிட்டு வந்தோமே, ஊற்றுகிறானோ என்னவோ என்று அண்ணியிடம் கேட்டார். பச்சை அறையில்தான் படுத்தார்கள். சாயத்தின் நிறத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக் காலையில் நான் சமையல்கட்டில் பெரட்டலைக் கிளறிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குக் கேட்டைத் திறக்க வேண்டும். இந்த வருஷம் வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே இழுக்க ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு இனித்தது. அண்ணே, மேசையைப் போடலாமா என்று குரல் கொடுத்தேன்.  அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அண்ணன் எதிர்வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தட்டு, மேலே வெள்ளைத் துணி. முப்பது வருஷமாகப் பின்வாசல் வழியாகப் போய், கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்த வீடு அது. எங்கள் தெருவில் தீபாவளிக்கு யாரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் இல்லை, வந்து சாப்பிடுவார்கள். அக்கா கேட்டை அகலத் திறந்துவைத்து, "மாசோக்லா, பாங்," என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தரம் கூப்பிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். இதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று மலாயில் சொல்லி, தட்டைக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே நீட்டினார்.

அக்கா அதை வாங்கிக்கொண்டு, தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். உன் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.  அக்கா உள்ளே போனார். அண்ணன் திறந்த கேட்டுக்கு இந்தப் பக்கமே, வெயிலில், தட்டு திரும்பி வருவதற்காக நின்றார். பழகிய நிற்பு அது. காலைக் கொஞ்சம் அகட்டி, கையைப் பின்னால் கட்டி, உள்ளே எட்டிப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி. அந்த ஊரில் அப்படித்தான் நிற்பார்கள்போலும். விமானம் ஏறிப் போய் மூன்று வருஷம் ஆகியும் எனக்குள் இங்கேயேதான் இருந்த அண்ணன், அந்தக் கேட்டு வாசலில்தான் என்னை விட்டுப் போனார்.